கழுதை வீட்டுக்கு வந்ததா?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது, யூகேஜி படிக்கிறான். ஏ முதல் இசட் வரை எழுதுவான், நூறு வரை எண்ணுவான். ஆனால் கேள்வி கேட்டால் பதிலே வருவதில்லை, மூன்றெழுத்துச் சொற்களை வாசித்தாலும் அர்த்தம் தெரியவில்லை என்று மிஸ் சொல்கிறார். வீட்டில் ஆங்கிலத்தில் பேசச் சொன்னார்கள். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள், முடிந்தவரை பேசுகிறேன். என் மாமியார் கோவில்பட்டிப் பக்கம். 'பைய வா', 'வாரியலை எடு' என்றுதான் அவர் பேச்சு. அது அவனுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று ஜூன் மாதத்திலிருந்து கதை சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். போன வாரம்கூடத் தூங்கப் போகும்போது, "ஆச்சி, அந்தக் கழுதை வீட்டுக்கு வந்துச்சா?" என்று கேட்டான். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்படி இருந்தால் அவன் எப்போது ஆங்கிலத்தில் யோசிப்பான்? சொல்வளமும் வாசிப்பும் வர எந்த ஆப் நல்லது? எழுத்துகளின் ஓசையைச் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்க்கலாமா? என் கணவர் உங்களிடம் கேட்கச் சொன்னார்.
- வாசகி, தாம்பரம்

பதில்: ஆப் பற்றி அப்புறம் பேசலாம். அந்தக் கழுதை வீட்டுக்கு வந்ததா, இல்லையா?

இதே கவலையோடு எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. உங்கள் கடிதத்தில் மட்டும் அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஜூனில் பாதியில் நின்றுபோன கதையை ஒரு பிள்ளை இத்தனை நாள் மனதில் வைத்திருந்திருக்கிறான். கழுதை வெளியே போனது, இன்னும் திரும்பவில்லை என்பது அவனுக்கு நினைவிருக்கிறது. அடுத்து என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள முழு வாக்கியமாகக் கேட்கிறான். வகுப்பில் வரவில்லை என்று மிஸ் வருத்தப்படுவது இதுதானே அம்மா? அது உங்கள் வீட்டில் வந்தது. வந்த இடத்திலேயே நீங்கள் அதன் வாயை அடைத்தீர்கள். பிள்ளையின் வாயை மட்டுமா? பெற்ற மகன் வீட்டில், பேரன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மருமகள் முகத்தைப் பார்க்க வேண்டிய நிலையில் ஒரு பெரிய மனுஷியை வைத்திருக்கிறீர்கள். அதைக் குறையாக எனக்கு எழுதவும் செய்கிறீர்கள்.

1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக எழுதிக் காட்டினார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியாக்கும் திறன் ஒன்று, காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் என்றால் ஒன்றில் குறைந்ததை இன்னொன்றில் ஈடுகட்டலாம். பெருக்கலில் ஒரு பக்கம் பூஜ்ஜியமானால் விடையும் பூஜ்ஜியம். ஃபோனிக்ஸ் முதல் பக்கத்துக்கு உதவும், தேவையும்தான். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் ஒன்று, ஓசை வேறு என்பதால் அதை முறையாகச் சொல்லித்தான் தர வேண்டும். ஆனால் உங்கள் மகன் எழுத்தை ஒலியாக்குகிறான், அர்த்தம்தான் தெரியவில்லை என்கிறார் மிஸ். அது இரண்டாவது பக்கம். அந்தப் பக்கத்தை வளர்த்துக்கொண்டிருந்தவர் ஆச்சி.

தமிழ் வாசிக்கவும் இதே கதைதான். கடல், தங்கம், மகன் என்ற மூன்று சொற்களைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'க' மூன்றிலும் ஒரே எழுத்து, ஓசை மூன்று விதம். எங்கே எப்படி ஒலிக்க வேண்டும் என்று பிள்ளை விதி படித்துத் தெரிந்துகொள்வதில்லை. அந்தச் சொற்களை ஏற்கெனவே ஆயிரம் முறை கேட்டிருப்பதால் நாக்கு தானாகச் சரியான இடத்துக்குப் போகிறது.

ஆங்கிலம்தானே வேண்டும் என்பீர்கள். சரி. ஒரு நாள் முழுக்க நீங்கள் அவனிடம் பேசும் ஆங்கிலத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். சாப்பிடு, ஷூ போடு, தொடாதே, சீக்கிரம் வா. இதைத் தாண்டி எத்தனை வாக்கியம் இருக்கும்? உங்கள் அறிவைக் குறை சொல்லவில்லை. தெரிந்த மொழியில் கதையும் காரணமும் கோபமும் சிரிப்புமாகப் பேசக்கூடிய ஒரு தாய், தயங்கும் மொழிக்கு மாறியதும் கட்டளை போடுகிறவளாகச் சுருங்கிவிடுகிறாள். சுவரில் மாட்டும் படச் சார்ட்டில் ஆப்பிளும் பந்தும் இருக்கும். பொறாமைக்கும் ஏமாற்றத்துக்கும் தந்திரத்துக்கும் படம் கிடையாது. அவை கதையில்தான் வரும். ஒரு நரியின் தந்திரத்தைத் தமிழில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு நாளை ஆங்கிலத்தில் தேவைப்படுவது அதற்கான பெயர் மட்டும். அந்த எண்ணமே இல்லாத பிள்ளைக்குப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்யத் தெரியும்?

இன்னொன்று. 'பைய' என்ற சொல்லுக்கு நீங்கள் கூச்சப்படுகிறீர்கள். 1098-ஆவது குறளில் காதலி மெல்லச் சிரிப்பதை வள்ளுவர் 'பைய நகும்' என்றுதான் சொல்கிறார். ஆச்சி வாயில் இருப்பது அந்தச் சொல். வாரியலும் துடைப்பமும் ஒன்றுதான் என்று தெரிந்த பிள்ளைக்கு ஒரு பொருளுக்கு இரண்டு சொல் இருக்கிறது. சொல்வளம் என்று நீங்கள் கேட்டது இதைத்தான்.

ஆச்சி கீரை ஆய உட்காரும்போது பையனும் பக்கத்தில் உட்காரட்டும். எது முளைக்கீரை, எது மணத்தக்காளி, தண்டு ஏன் முற்றிப்போச்சு என்று அவர் பேச, இவன் கேட்கட்டும். 'அடிக்காமல், திட்டாமல் அழ வைப்பாள், யார் அவள்?' என்று வெங்காயத்தைக் கையில் மறைத்துக்கொண்டு விடுகதை போடச் சொல்லுங்கள். அவன் "நாய் ஓடுது" என்றால், "ஆமா, கறுப்பு நாய் பூனையைத் துரத்திக்கிட்டு ஓடுது" என்று நீட்டிச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பிள்ளைக்குப் பதில் திரண்டு வர நேரம் பிடிக்கும், நாம்தான் அவசரப்பட்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். 'ப'வில் தொடங்கும் பொருள் அடுக்களையில் என்னென்ன இருக்கிறது என்று தேட விடுங்கள். தமிழ் எழுத்துக்கு 247-ஐயும் ஒப்பிக்க வைக்க வேண்டாம். ப, ம, ட, க, ல இருந்தாலே படம், மடம், கடல், பல், கல் என்று வாசிக்க ஆரம்பித்துவிடலாம். கெ, கே, கொ வரும்போது திணறுவான். கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசை பின்னால் வருகிறது. அதற்கு அடி விழக்கூடாது.

எந்த மொழியில் பேசினாலும் திரும்பிப் பார்க்காத பிள்ளை என்றால் முதலில் காது பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேன். கழுதையைப் பற்றிக் கேட்டவனுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஆனாலும் சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

உங்கள் கணவர் கடிதத்தின் கடைசி வரியில் மட்டும் வருகிறார். அவர் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். தன் தாயை வாயை மூடச் சொன்னபோது அவர் எங்கே இருந்தார்? இரவில் பத்து நிமிடம் பையனை மடியில் வைத்து, வரியின் கீழே விரலை ஓட்டி, ஒரு புத்தகம் வாசிப்பது அவர் வேலை. ஆங்கிலப் புத்தகமாகவே இருக்கட்டும். ஒரே புத்தகத்தை இருபது தடவை கேட்டாலும் சலிக்காமல் வாசிக்க வேண்டும்.

ஆப் கேட்டீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 3, 4 வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது. நான் எந்த ஆப்பும் சொல்லப்போவதில்லை.

இன்று ராத்திரி ஆச்சியிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். பையன் எதிரிலேயே கேளுங்கள், அவன் எதிரில்தானே அவர் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். கழுதை வீட்டுக்கு வந்ததா என்று அவர் சொல்லட்டும்.