வார்டு நர்ஸ் ஆராய்ச்சி செய்ய முடியுமா?

கும்பகோணம் பக்கம் வார்டு டியூட்டி பார்க்கும் தங்கை ஒருவர், பிஎச்டி இல்லாமல் ஆராய்ச்சி செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகச் செய்யலாம்மா. நம் டெல்டாவில் நடவு, அறுப்பு என்றால் பாம்புக்கடியும் கூடவே வரும். கடிபட்டவர் ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, அப்புறம் ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்போம், உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் மாதிரிப் பாம்பின் விஷம் வேலையைக் காட்டிவிட்டது என்று அர்த்தம். அந்தக் குழாய் சோப்புத்தூளில் கழுவியதாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் நல்ல ரத்தம்கூட உறையாமல் போகலாம். சரி, உங்கள் வார்டில் என்ன குழாய்? 20 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துத்தான் எண்ணுகிறார்களா? இதுவே அருமையான ஆய்வுக் கேள்வி. ஆய்வால் நோயாளிக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவிடம் முதலில் அனுமதி வாங்குங்கள், பிறகு மூன்று மாதம் விடாமல் நோட்டில் குறியுங்கள்.