வாசகர் கேள்வி – பதில்: கொசோவோவுக்கு முன்பே சரிந்த பேரரசு

கேள்வி: 1389இல் கொசோவோ போரில் தோற்றதால்தான் செர்பியப் பேரரசு அழிந்தது என்கிறார்களே, சரியா?

பதில்: அந்தப் போரில் அழிவதற்குப் பேரரசு எங்கே மிச்சமிருந்தது? 1346ஆம் ஆண்டு ஈஸ்டர் அன்று ஸ்கோப்யேயில் ஸ்டெஃபான் துஷான் பேரரசனாக முடிசூடிக்கொண்டான். மூன்றே ஆண்டில் சட்டத் தொகுப்பு ஒன்றையும் வெளியிட்டான். வடக்கே டான்யூப், தெற்கே கொரிந்த் வளைகுடா, அவ்வளவு நிலம். 1355 டிசம்பரில், ஐம்பது வயதைத் தொடுமுன்பே இறந்துபோனான். இளவயது மகன் உரோஷுக்குப் பட்டம் வந்தது, பிடிமானம் வரவில்லை. சிற்றப்பன் சிமியோன் கிரேக்கப் பகுதியில் தானே பேரரசன் என்று கிளம்பினான். 1365இல் வுகாஷின் என்ற பிரபு, உரோஷ் இருக்கும்போதே அரசனாகிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். 1371 செப்டம்பரில் மரிட்சா ஆற்றங்கரையில் துருக்கியரிடம் அந்த வுகாஷினும் தம்பி உக்லியேஷாவும் மாண்டார்கள். டிசம்பரில் வாரிசில்லாமல் உரோஷும் போய்ச் சேர்ந்தான். என்னைக் கேட்டால், மரிட்சாதான் பெரிய அடி. கொசோவோவில் நின்ற லாசர், உடைந்த துண்டுகளில் ஒன்றை ஆண்டவன். அங்கே அவனும் செத்தான், சுல்தான் முராதும் செத்தான். பாட்டுக் கட்டுபவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

கேள்வி: மருமகன் வுக் பிராங்கோவிச் காட்டிக்கொடுத்ததால்தான் லாசர் தோற்றானாமே?

பதில்: கதை. போருக்குப் பிறகு துருக்கியருக்குச் சில ஆண்டுகள் பணியாமல் இருந்தவன் வுக். 1397இல் அவர்களின் பிடியிலேயே இறந்தான். காட்டிக்கொடுத்ததற்கு இதுவா கூலி?

கேள்வி: துஷானின் வம்சத்தில் அப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் நம்பவே மாட்டார்களா?

பதில்: நம்பியவர்கள் பிழைக்கவில்லை! 1276இல் டிராகுதின் தன் தந்தையைத் துரத்திவிட்டு அரியணை ஏறினான். அவன் தம்பி மிலுட்டின், கலகம் செய்த மகன் ஸ்டெஃபானின் கண்களைக் குருடாக்கச் சொன்னான். மகனோ, தந்தை இறந்ததும் கண்கட்டை அவிழ்த்துவிட்டுப் பார்வை திரும்பிவிட்டது என்று அரசனானான். தண்டனையை நிறைவேற்றியவன் கையூட்டு வாங்கியிருப்பான் என்பது என் சந்தேகம். ஆனால் அந்த ஸ்டெஃபானை 1331இல் கவிழ்த்தவன் அவனுடைய மகன் துஷான்தான். சில வாரங்களில் ஸ்வெச்சான் கோட்டைச் சிறையில் கிழவன் கதை முடிந்தது. பேரரசை எழுப்பிய கை அது. அப்படிப்பட்ட வீட்டில் உரோஷ் போன்ற சாது எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்?

கேள்வி: அப்படியானால் செர்பிய நாட்டின் கடைசி நாள் எது?

பதில்: 1459 ஜூன் 20. இடம், ஸ்மெடெரெவோ. 1427இல் பெல்கிரேடு ஹங்கேரிக்குத் திரும்பிப் போனதால், டான்யூப் கரையில், அப்போது செர்பியாவை ஆண்ட வுக்கின் மகன் ஜூராஜ் பிராங்கோவிச் அவசரமாகக் கட்டிய கோட்டை அது. எனக்கு லாசரைவிட இந்த ஜூராஜைத்தான் பிடிக்கும். மகள் மாராவைச் சுல்தான் இரண்டாம் முராதுக்கு மணமுடித்துக் கொடுத்தான். அப்படியும் அந்த மாப்பிள்ளை 1441இல் ஜூராஜின் இரு மகன்களின் கண்களைப் பறித்தான். கிழவன் அசரவில்லை. நோவோ பிர்தோ சுரங்கத்து வெள்ளி இருந்தவரை ஹங்கேரிக்கும் துருக்கிக்கும் நடுவே பேரம் பேசியே நாட்டை ஓட்டினான். 1455இல் நோவோ பிர்தோ விழுந்தது, மறு ஆண்டு அவனும் இறந்தான். கடைசியில் கோட்டை, போஸ்னிய இளவரசன் ஸ்டெஃபான் தோமாஷெவிச்சின் கையில் இருந்தது. சண்டையே இல்லாமல் அதைத் துருக்கியரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனவன், 1461இல் போஸ்னியாவின் அரசனானான். 1463இல் துருக்கியர் அங்கேயும் வந்தார்கள். இம்முறை தலையையும் எடுத்துக்கொண்டார்கள்.