வேலைநிறுத்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கோத்தகிரி தாலுகா ஆபீஸில் வேலை, கணவர் ஊட்டி அரசு பஸ் டிப்போவில் டிரைவர், அவருக்கு ஊதிய ஒப்பந்தம் போடும்போது அரசு ஊழியர்களான நமக்கு மலைப்பகுதியில் வேலை செய்வதற்கான மலைப்படியைக் கூடப் பேசி வாங்க முடியலையே, சங்கத்தின் வேலைநிறுத்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கீங்க. நியாயமான கோபம்தான் சகோதரி.

போக்குவரத்துக் கழகம் அரசுடையது என்றாலும் அவர் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளி. சங்கம், நிர்வாகம், தொழிலாளர் துறை மூணு பேரும் உட்கார்ந்து கையெழுத்திட்டால் அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். நமக்கு ஊதியக்குழுவின் பரிந்துரை, அப்புறம் அரசாணை, அவ்வளவுதான். சங்கம் வைக்க அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு உரிமை தருகிறது, ஆனால் சங்கம் நிர்வாகத்தோடு பேசி ஒப்பந்தம் போடும் கூட்டுப் பேரம் அதற்குள் வராது என்று 1961லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். 1973ஆம் வருடத் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 22ஆவது விதி வேலைநிறுத்தத்தை மட்டுமல்ல, அதைத் தூண்டுவதையும் தடுக்கிறது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கினார்கள், நான் அப்போது கூடலூரில் இருந்தேன், வாடகை வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே கூச்சம். பெரும்பாலோரைத் திரும்ப எடுத்தார்கள், ஆனால் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று அந்த நீக்கத்தை எதிர்த்த ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அப்படியே நிற்கிறது.

தகுதிகாண் பருவம் முடியாவிட்டால் இப்போதைக்குப் போடாதீங்க. சாப்பாட்டு இடைவேளை ஆர்ப்பாட்டத்துக்குப் போங்க, மலைப்படி கோரிக்கையைச் சங்கத்தின் பெயரில் மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைங்க.