புக்கர் பரிசுக்குப் பணம் கட்டி நாவலை அனுப்பலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். என் நாவலைச் சென்னைப் பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. இப்போது ஒருவர், 85,000 ரூபாய் கட்டினால் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, லண்டனில் வெளியிட்டு, புக்கருக்கும் நோபலுக்கும் பரிந்துரைப்பதாகச் சொல்லி விடாமல் போன் செய்கிறார். ஒப்பந்தத்தையும் அனுப்பியிருக்கிறார், நகலை இணைத்துள்ளேன். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம், ஐயா. கையெழுத்தும் போட வேண்டாம்.

நோபலை முதலில் முடித்துவிடுவோம். அதற்கு விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை. இலக்கிய நோபலைத் தரும் ஸ்வீடிஷ் அகாடமி, அது போன்ற பிற அமைப்புகள் ஆகியவற்றின் உறுப்பினர்கள், இலக்கிய, மொழியியல் பேராசிரியர்கள், முன்பு இலக்கிய நோபல் வாங்கியவர்கள், எழுத்தாளர் சங்கத் தலைவர்கள் ஆகியோர்தான் பெயர் அனுப்ப முடியும். யார் யார் பெயர் போனது என்பதை 50 ஆண்டுகளுக்கு வெளியிட மாட்டார்கள். அப்படியிருக்க, ‘நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்’ என்று சான்றிதழ் அடித்துச் சட்டம் போட்டுக் கொடுக்கிறார்களே, அதில் அந்த மரச்சட்டம் மட்டும்தான் அசல்.

பெரியவர்களுக்கான புக்கரில் இரண்டு உண்டு. ஆங்கிலத்திலேயே எழுதிய நாவலுக்கானது ஒன்று, அது உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு உரியது சர்வதேச புக்கர். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளியான புத்தகத்துக்குத் தருவது. 50,000 பவுண்டை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். 2022இல் இந்தி எழுத்தாளர் கீதாஞ்சலி ஸ்ரீயும் மொழிபெயர்ப்பாளர் டெய்சி ராக்வெல்லும், 2025இல் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கும் மொழிபெயர்ப்பாளர் தீபா பஸ்தியும் வாங்கியது இதைத்தான். போட்டிக்குப் புத்தகத்தை அனுப்புவது அதை வெளியிட்ட பிரிட்டன் அல்லது அயர்லாந்துப் பதிப்பகம். எழுத்தாளர் அனுப்ப முடியாது, ஏஜென்டும் அனுப்ப முடியாது.

‘லண்டனில் வெளியிடுகிறோம்’ என்பதில்தான் பலர் விழுகிறார்கள். நடப்பது என்னவென்றால், உங்கள் நாவலைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டு எடுப்பார்கள். ஆர்டர் வந்தால் ஒரு பிரதி அச்சடிக்கும் முறையில் ஏற்றி, அமேசானின் பிரிட்டன் தளத்தில் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பேரன் பேத்திக்குக் காட்டலாம். நடுவர்கள் மேசைக்கு அது போகாது. ஆசிரியர் தானே போட்டுக்கொண்ட புத்தகத்தையும், ஒரு புத்தகத்துக்காகவே முளைத்த கம்பெனியையும் இந்தப் பரிசுகள் ஏற்பதில்லை.

சரி, முறையான வழி எவ்வளவு காலம் எடுக்கும்? பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ நாவல் தமிழில் வந்தது 2013இல். அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016லேயே இந்தியாவில் வந்துவிட்டது. ஆனால் புஷ்கின் பிரஸ் என்ற பதிப்பகம் அதைப் பிரிட்டனில் போட்ட பிறகுதான், 2023இல், சர்வதேச புக்கரின் முதல் கட்டத் தேர்வான நெடும்பட்டியலில் ஏறியது. அதே கதை, அதே மொழிபெயர்ப்பாளர். நடுவில் மாறியது பதிப்பக முகவரி. ‘சர்வதேசம்’ என்று பெயர் வைத்துவிட்டு நுழைவுச்சீட்டை ஒரே ஊரில் விற்கிறார்கள். இதை எத்தனை கூட்டத்தில் கத்தினாலும் விதி அப்படியேதான் இருக்கிறது. இந்த இடைவெளியில்தான் உங்களுக்குப் போன் செய்கிறவரைப் போன்றவர்கள் கடை விரிக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்கிறேன். காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்குப் பதிப்பகம் வேண்டாம், ஏஜென்ட் வேண்டாம், கட்டணமும் இல்லை. எழுதியவரே இணையத்தில் அனுப்பலாம். முக்கியமான விஷயம், கதையைத் தமிழிலேயே அனுப்பலாம். ஏற்கும் மொழிகளில் தமிழும் ஒன்று. 2,000 முதல் 5,000 சொற்கள், முன்பு எங்கும் வெளிவராத கதை, 18 வயது நிறைந்த காமன்வெல்த் நாட்டுக் குடிமகன், இவ்வளவுதான். ‘எங்கும் வெளிவராத’ என்பதைக் கவனியுங்கள். சிற்றிதழில் வந்த கதை ஆகாது, உங்கள் வலைப்பூவில் ஏற்றியதும் ஆகாது. நாவலின் ஓர் அத்தியாயத்தை வெட்டி அனுப்பலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உங்கள் நாவல் ஏற்கெனவே அச்சானது, அதனால் கூடாது. புதிதாக ஒரு கதை எழுதுங்கள். இதற்கும் ‘பதிவுக் கட்டணம்’ என்று யாராவது கேட்டால் அது போட்டியே அல்ல, வேறு ஏதோ.

இனி அந்த ஒப்பந்தம். நான்காவது பத்தியை மறுபடி படியுங்கள். ‘உலகின் எல்லா மொழிகளிலும், எல்லா நாடுகளிலும், எக்காலத்துக்கும்’ உரிமை அவருக்கே என்று இருக்கிறது. போகிற போக்கில் எழுதியது அல்ல அது. உரிமையை மாற்றிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்றும் நம் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டையும் அடைக்கத்தான் அந்த வரி. 85,000 போனால் போகட்டும் என்றுகூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நாளை உண்மையான பதிப்பகம் ஒன்று கேட்டு வரும்போது, உங்கள் நாவலை உங்களால் கொடுக்க முடியாது.

நல்ல மொழிபெயர்ப்பாளர் யாராவது உங்கள் நாவலைக் கேட்டால், முதலில் ஓர் அத்தியாயம் மாதிரிக்குச் செய்யச் சொல்லுங்கள். ஆங்கில உரிமை மட்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும், அதற்குள் பதிப்பகம் கிடைக்காவிட்டால் உரிமை திரும்பும் என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

அதற்கு முன், தமிழ்ப் பதிப்பாளரிடம் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து, மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் என்று பாருங்கள். ஒப்பந்தமே போடவில்லையா? நம் ஊரில் அது சகஜம், பயப்பட வேண்டாம். எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காத வரை பதிப்புரிமை கைமாறாது. அப்படியானால் மொழிபெயர்ப்பு உரிமை உங்களிடமேதான் இருக்கிறது.