நுண்ணுயிர் கேள்வி-பதில்: லான் இல்லாமலே பிழைச்ச காலனி

கேள்வி: சார், ஈ.கோலை பாக்டீரியாவுல லான் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டற என்சைம்) ஜீன் கெட்டுப்போனா யூவி பட்டதும் செத்துடும்னு படிச்சேன், ஆனா யூவி குடுத்த பிளேட்லயும் ஒண்ணு ரெண்டு காலனி வருதே, அதுலல்லாம் லான் திரும்ப சரியாயிடுச்சா?

பதில்: சிலதுல சரியாகியிருக்கலாம். ஆனா பலதுல லான் கெட்டது கெட்டபடியேதான் இருக்கும், வேற ஒரு ஜீன்ல மாற்றம் வந்து செல்லைக் காப்பாத்தியிருக்கும், அதைத்தான் சப்ரெசர்ங்கறோம். யூவில டிஎன்ஏ அடிபட்டா எஸ்ஓஎஸ்ங்கற அவசர ஏற்பாடு ஆன் ஆகும், அதுல சுல்ஏன்னு ஒரு புரதம் உருவாகி செல் பிரியறதுக்கு வேண்டிய எஃப்டிஎஸ்இசட்ங்கற புரதத்தைப் பிடிச்சுக்கிட்டு செல்லை ரெண்டா பிரியவிடாம நிறுத்தி வைக்கும், ரிப்பேர் முடியிற வரைக்கும் அது நல்லதுதான். முடிஞ்சதும் சுல்ஏ போயாகணும், அதை வெட்டிப் போடறது லான். நார்மல் செல்லுல சுல்ஏவோட அரை ஆயுள் 1 நிமிஷம் சொச்சம், லான் இல்லைன்னா கிட்டத்தட்ட 20 நிமிஷம், அதனால செல் பிரியவே முடியாம நூலா நீண்டுக்கிட்டே போய் செத்துடுது.

இப்ப பிழைச்சதுங்களைப் பாருங்க, ஒண்ணு சுல்ஏ ஜீனே கெட்டிருக்கும், இல்லைன்னா எஃப்டிஎஸ்இசட் கொஞ்சம் மாறி சுல்ஏவோட பிடியில சிக்காம இருக்கும். இந்த ரெண்டாவதுக்கு முதல்ல சுல்பின்னு தனிப் பேரே இருந்துச்சு, அப்புறம்தான் சுல்பியும் எஃப்டிஎஸ்இசட்டும் ஒரே ஜீன்னு தெரிஞ்சுது. லான் எத்தனையோ புரதத்தை வெட்டுது, அதுல எது மிஞ்சிப்போனதால உயிர் போகுதுன்னு சப்ரெசர்தான் விரல் நீட்டிக் காட்டுது, எனக்கு ஜெனெடிக்ஸ்ல இதைவிட அழகான விஷயம் இல்ல.

உங்க காலனி எந்த வகைன்னு ஓரளவு கண்ணாலயே பார்க்கலாம். லான் இல்லாத செல்லுல ஆர்சிஎஸ்ஏங்கற இன்னொரு புரதமும் அழியாம தங்கி கொழகொழன்னு உறை சுரக்க வைக்கும், சுல்ஏ கெட்டாலும் அது நிக்காது. அதனால மினிமல் மீடியத்துல (அடிப்படைச் சத்து மட்டும் இருக்கற ஊடகம்) காலனி இன்னும் கொழகொழன்னு இருந்தா, லான் சரியாகலைன்னு அர்த்தம்.

கேள்வி: புரோட்டியேஸ் வெட்டற புரதத்தோட ஜீன்லயேதான் சப்ரெசர் வரணுமா?

பதில்: வேண்டியதில்ல. எஃப்டிஎஸ்எச்ங்கற இன்னொரு புரோட்டியேஸ் இல்லாம ஈ.கோலை சாதாரணமா உயிரோட இருக்காது, காரணம் அது வெட்டவேண்டிய எல்பிஎக்ஸ்சிங்கற என்சைம் அழியாம சேர்ந்து, அது தயாரிக்க உதவற எல்பிஎஸ் (வெளிச்சவ்வுல இருக்கற கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள்) அளவுக்கு மீறிடும். அங்க பிழைக்க வச்ச மாற்றம் கெடைச்சது எல்பிஎக்ஸ்சியில இல்ல, கொழுப்பமிலம் செய்யற ஃபேப்இசட்ங்கற என்சைமோட ஜீன்ல! ரெண்டு என்சைமுக்கும் மூலப்பொருள் ஒரே இடத்துலேர்ந்துதான் வருது, மாறின ஃபேப்இசட் அதை பாஸ்போலிப்பிட் (சவ்வுல இருக்கற இன்னொரு கொழுப்பு) பக்கம் அதிகமா இழுத்துட்டதால பேலன்ஸ் வந்துடுச்சு.

இந்த வேலை பண்றவங்க முடிஞ்சா ஜீனை முழுசா டெலிட் பண்ணிட்டு ஆரம்பிங்க, அது தானா திரும்பி வர வழியே இல்ல. சீக்வென்ஸ்ல ஒரு மாற்றம் தெரிஞ்ச உடனே நம்பிடாதீங்க, கூட வேற மாற்றமும் ஒளிஞ்சிருக்கலாம், அந்த ஒண்ணை மட்டும் பி1 ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கற ஒரு வைரஸ்) வச்சு புது ஸ்ட்ரெய்னுக்கு மாத்தி அங்கயும் பிழைக்குதான்னு பாருங்க.