துணிப் பதாகை என்றால் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் கிராமத்து அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு இந்த ஆண்டு பிளெக்ஸ் வைப்பதில்லை என்று விழாக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். மதுரை அச்சகம் ஒன்றில் ‘ஈக்கோ துணி’ என்று ஒரு மாதிரியைக் காட்டி, சதுர அடிக்குக் கூடுதல் விலை சொன்னார்கள். அதன் ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கிறது. நம்பி வாங்கலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: அந்த வழவழப்பைப் பற்றித்தான் நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டும். வெறும் காடாத்துணியில் இங்க்ஜெட் இயந்திரம் அச்சடித்தால் மை நூலிழை வழியே ஊறிப் பரவி, எழுத்தின் ஓரம் கலங்கிவிடும் என்பதால், அச்சுக்கென வரும் துணிகளில் மையைப் பிடித்து நிறுத்தும் மேற்பூச்சு ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது நீரில் கரைத்துப் பூசிய அக்ரிலிக்காகவோ சிலிக்கா கலந்த பூச்சாகவோ இருந்தால் கவலை குறைவு, பி.வி.சி. எனும் குளோரின் சேர்ந்த பிளாஸ்டிக்காக இருந்தால் நீங்கள் வாங்குவது பெயர் மாறிய பிளெக்ஸ்தான்.

பிளெக்ஸ் என்பதே பாலியெஸ்டர் வலையின் இருபுறமும் பி.வி.சி. ஒட்டிய பொருள். இரண்டையும் பிரிப்பது கடினம் என்பதால் மறுசுழற்சிக்கு எடுப்பவர் அரிது. எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் போன்ற நச்சுகள் வெளிவருகின்றன. (வைக்கோற்போருக்குப் போர்த்துகிறோமே என்பீர்கள், வெயிலில் வெடித்து உதிர்ந்தபின் அதுவும் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது.) 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ள பிளாஸ்டிக் தடை, பதாகைகளைப் பொறுத்தவரை 100 மைக்ரான் (0.1 மி.மீ.) தடிமனுக்குக் குறைவானவற்றுக்கு மட்டுமே; வழக்கமான பிளெக்ஸ் அதைவிடத் தடிமனானது. எனவே ‘தடை செய்யப்படாத சரக்கு’ என்று கடைக்காரர் சொல்வது பொய்யாக இராது, ஆனால் அது உங்கள் கேள்விக்கு விடையும் ஆகாது. அண்டை மாநிலமான கேரளம் 2019-லேயே பி.வி.சி. பிளெக்ஸைத் தடை செய்துவிட்டது.

மாதிரியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, திறந்த வெளியில் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரலில் பொடியும் சாம்பலாகும். பாலியெஸ்டரானால் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகிவிடும். பூச்சைச் சோதிக்க, செம்புக் கம்பியின் நுனியைத் தீயில் நன்றாகச் சூடாக்கி, வழவழப்பான பக்கத்தில் அழுத்தி, மீண்டும் தீயில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையானால் குளோரின் இருக்கிறது, பி.வி.சி. என்று சந்தேகிக்கலாம். கடுகளவு போதும், புகையை முகராதீர்கள். பெரிய அளவில் வாங்குவதானால் கோயம்புத்தூர் சிட்ரா போன்ற ஜவுளி ஆய்வகத்தின் சான்றைக் கேட்பது நல்லது.

மையையும் கேளுங்கள். கடைக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி சால்வென்ட் (ரசாயனக் கரைப்பான்) மையினுடையது. நீரை அடிப்படையாகக் கொண்ட லேடெக்ஸ் மையில் அந்த நெடி மிகக் குறைவு.

கேள்வி: பருத்திப் பதாகை ஆடிக் காற்றைத் தாங்குமா?
– வாசகி, மேலூர்

பதில்: மண்டபத்துக்குள் தாராளமாகத் தாங்கும். வெளியில், மழையை உறிஞ்சிக் கனத்துத் தொய்யும். நாள்பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஓரத்தில் ஓட்டை போட்டுக் கட்டாமல், மேலும் கீழும் மடித்துத் தைத்து உள்ளே கயிறு கோக்கச் சொல்லுங்கள். இழுவை ஓரிடத்தில் விழாமல் பரவும். வாரக்கணக்கில் வெளியே நிற்க வேண்டுமானால், பழைய பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து நூற்ற, பி.வி.சி. பூச்சில்லாத பாலியெஸ்டரே பொருத்தமானது. அது மட்காது, ஆதலால் ஆண்டையும் தேதியையும் தனித் துண்டில் அச்சிட்டு இணைத்தால், அடுத்த ஆடிக்கும் அதே பதாகையைக் கட்டலாம்.