‘சிகிச்சை’க்குப் பின் இணையர் தொடவிடவில்லை என்றால்

உங்கள் இணையருக்கு உங்கள் மேல் அன்பு போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். பாலீர்ப்பை, அதாவது எந்தப் பாலினத்தார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பதை, மாற்றுவதாகச் சொல்லிப் பெற்றோர் மருத்துவரிடம் கூட்டிப்போய் வந்த பிறகுதான் தொட்டாலே விலகுகிறார் என்கிறீர்கள். காரணத்தை அங்கேதான் தேட வேண்டும்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, முதலில் அந்தச் சீட்டைப் பாருங்கள். மனச்சோர்வுக்கும் மனச்சிதைவுக்கும் தரப்படும் மருந்துகளில் பல காம உணர்வைக் குறைக்கும், ஆளையும் மந்தமாக்கும். அவர் சம்மதித்தால் வேறொரு மனநல மருத்துவரிடம் சீட்டைக் காட்டுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் புதுத் தொல்லை வரலாம்.

மருந்து காரணமில்லை என்றால், பெரும்பாலும் அங்கே ஊட்டிய குற்ற உணர்ச்சிதான் காரணம். என்ன நடந்தது என்று துருவ வேண்டாம். தொடுவதற்கு முன் கேளுங்கள்; மறுத்தால் முகம் சுளிக்காதீர்கள். (கடினம்தான். உங்களுக்கும் வலிக்கிறது என்பதை ஒரு நண்பரிடமாவது சொல்லிவிடுங்கள்.)

இந்தச் ‘சிகிச்சை’க்கு 2021 ஜூனில் சுஷ்மா என்பவரும் அவருடைய இணையரும் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஆகவே தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்கலாம். கொடுப்பதா என்பது அவர் முடிவு. நீங்கள் முந்திக்கொண்டால் பெற்றோரைப் போலவே நீங்களும் அவருக்காகத் தீர்மானிப்பதாகிவிடும்.

சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் இதெல்லாம் பிறகு. உடனே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள்.